பாசே சேம்ப்ல்: பிரெஞ்சு மொழியின் ஏட்டு இறந்தகாலம்

காரைக்கால் மண்ணுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் உள்ள தொடர்பு 1739ஆம் ஆண்டு தொடங்கியது என்பதை நம் கல்லூரி மாணவர் அனைவரும் அறிவர். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றது. ஆட்சியாளர் போயினர்; அவர்கள் மொழியில் எழுதப்பட்ட தாள்கள் போகவில்லை. காரைக்காலிலும் நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றிலும் எத்தனையோ வீடுகளில், பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டிகளில் பத்திரங்களும் கடிதங்களும் பள்ளிச் சான்றுகளும் மடித்து வைக்கப்பட்டுள்ளன. வைத்தவர்கள் படிக்கத் தெரிந்தவர்கள். இன்று வைத்திருப்பவர்களில் பலர் படிக்கத் தெரியாதவர்கள்.

திருநள்ளாற்றில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எழுதியவர் என் அப்பாயியின் தகப்பனார். அக்காலத்தில் இப்பகுதியிலிருந்து பலர் இந்தோசீனாவுக்கு வேலைக்குச் சென்றனர். அவரும் 1939இல் சைகோன் நகருக்கு எழுத்தர் வேலைக்குப் போய், 1946இல் ஊர் திரும்பினார். திரும்பி வந்தபின் பழைய நாட்களை நினைத்து எழுதிய குறிப்புகளே அந்த நோட்டில் உள்ளவை. வரலாறு படிக்க வந்த நான் முதற்பகுதி மொழிப்பாடமாகப் பிரெஞ்சை எடுத்துக்கொண்டதற்கு அந்த நோட்டுதான் காரணம்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அதில் ஒரு பக்கத்தை அப்பாயிக்குப் படித்துப் பொருள் சொன்னேன். அப்போது ஒரு வினைச்சொல்லைத் தவறாகப் படித்துவிட்டேன். அத்தவறு என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதை விளங்கிக்கொள்ள, 'பாசே சேம்ப்ல்' எனப்படும் இறந்தகாலம் ஒழுங்கு வினைகளில் எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச்சில் இல்லாத வினை

இன்று பாரிசு நகரில் ஒருவர் தாம் கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்லும்போது பாசே சேம்ப்லைப் பயன்படுத்த மாட்டார். 'பாசே கொம்போசே' எனும் கூட்டு இறந்தகாலத்தில்தான் பேசுவார். பெயர்களே இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. சேம்ப்ல் என்றால் தனி. ஒரே சொல்லால் அமைவது. கொம்போசே என்றால் கூட்டு. துணைவினை ஒன்றும் எச்சம் ஒன்றும் சேர்ந்து அமைவது. 'நான் பேசினேன்' என்பதைக் கூட்டுவினையில் 'ழே பார்லே' என்றும், தனிவினையில் 'ழெ பார்லே' என்றும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினால் நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள வேறுபாடுதான் மிஞ்சுகிறது! பிரெஞ்சு எழுத்தில் இரண்டும் வெவ்வேறு தோற்றம் கொண்டவை. (பிரெஞ்சு ஒலியைக் குறிக்க 'ழ' எழுதுவது புதுவை, காரைக்கால் பக்கத்து வழக்கம். 'ழான்' என்று பெயர் எழுதுகிறோம் அல்லவா, அதே ஒலி.)

பேச்சில் இல்லாவிட்டாலும் ஏட்டில் இவ்வினை இன்றும் உயிரோடிருக்கிறது. வரலாற்று நூல், புதினம், வாழ்க்கை வரலாறு, குழந்தைக்கதை எங்கும் இதைக் காணலாம். செந்த்-எக்சுபெரி 1943இல் வெளியிட்ட 'குட்டி இளவரசன்' குழந்தைகள் விரும்பிப் படிக்கும் நூல். அதில் பக்கத்துக்குப் பக்கம் 'தெமாந்தா' (கேட்டான்), 'ரெப்போந்தி' (விடையளித்தான்) என்று வந்துகொண்டே இருக்கும். பிரெஞ்சுக் குழந்தை இவ்வினையைப் பேசக் கற்பதில்லை. கதை கேட்டுக் கற்கிறது. நாமும் 'சென்றனன்', 'உரைத்தனள்' என்பவற்றைப் படித்தால் அறிவோம். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேசுவதில்லை. பேசினால் நண்பர்கள் நம்மை விட்டு வைக்க மாட்டார்கள்.

இந்த வினை இலத்தீன் மொழியிலிருந்து வழிவழியாக வந்தது. இலத்தீனில் 'கந்தாவி' (பாடினேன்) என்றது பிரெஞ்சில் 'ஷாந்தே' ஆயிற்று. 'கந்தாவித்' (பாடினான்) என்றது 'ஷாந்தா' ஆயிற்று. இதன் உடன்பிறப்பான இசுபானிய வினை அம்மொழியினர் வாயில் இன்றும் புழங்குகிறது. பிரெஞ்சில் மட்டும் மெல்ல மெல்ல ஏட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. 1660இல் வெளிவந்த போர்-ருவாயால் இலக்கணம், இன்று நடந்த செயலுக்கு இவ்வினையைப் பயன்படுத்தலாகாது, குறைந்தது ஒரு நாளாவது கடந்திருக்க வேண்டும் என்று விதி கூறியது. அன்றே இது தொலைவைக் குறிக்கும் வினையாகக் கருதப்பட்டது என்பது இங்கே நோக்கத்தக்கது. பழைய இலக்கண நூல் எதையேனும் புரட்டுவோர் அதில் 'பாசே தெஃபினி' என்ற பெயரைக் கண்டு திகைக்க வேண்டாம். பாசே சேம்ப்லின் பழைய பெயர் அது. எங்கள் பெட்டியில் உள்ள பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

முதல் வகை

ஒழுங்கு வினைகள் மூவகைப்படும். அகராதியில் வினையின் பெயர் எவ்வெழுத்துகளில் முடிகிறது என்பதைக் கொண்டு வகை பிரிக்கிறோம். எழுத்துகளின் பெயரை நாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியவாறே இங்குச் சொல்கிறேன். 'ஈ-ஆர்' என முடிவது முதல் வகை. 'ஐ-ஆர்' என முடிவது இரண்டாம் வகை. 'ஆர்-ஈ' என முடிவது மூன்றாம் வகை. இம்முடிவை நீக்கினால் எஞ்சுவது பகுதி. பகுதியோடு விகுதியைச் சேர்க்க வேண்டும். நம் பகுபத இலக்கணம் படித்தவர்க்கு இதில் சிரமமே இல்லை.

முதல் வகைக்குப் 'பார்லே' (பேசு) எடுத்துக்காட்டு. ஆறு வடிவங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ழெ பார்லே – நான் பேசினேன் (விகுதி: ஏ, ஐ)
துய் பார்லா – நீ பேசினாய் (ஏ, எஸ்)
ஈல் பார்லா – அவன் பேசினான் (ஏ மட்டும்)
நூ பார்லாம் – நாம் பேசினோம் (கூரையிட்ட ஏ, எம், ஈ, எஸ்)
வூ பார்லாத் – நீங்கள் பேசினீர்கள் (கூரையிட்ட ஏ, டி, ஈ, எஸ்)
ஈல் பார்லேர் – அவர்கள் பேசினர் (இடமிருந்து வலமாகச் சரியும் கோடிட்ட ஈ; பின் ஆர், ஈ, என், டி)

கடைசி வடிவத்தின் முடிவில் வரும் 'ஈ, என், டி' எழுத்துகளுக்கு ஒலி கிடையாது. ஆங்கிலம் படித்த நாக்கு அதை 'பார்லேரென்ட்' என்று ஓசையிட முனையும். வகுப்பில் முதல் வாரம் முழுதும் நாங்கள் அப்படித்தான் கூவிக்கொண்டிருந்தோம்.

தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் வரும் கூரைக்குறிக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னிலைப் பன்மையில் இலத்தீன் காலத்திலிருந்தே ஓர் 'எஸ்' இருந்தது. ஒலி தேய்ந்து அது மறைந்தபோது, மறைந்த எழுத்தின் நினைவாகக் கூரை நின்றது. தன்மைப் பன்மையில் அப்படி எதுவும் மறையவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்து இவ்வீட்டுக்கும் கூரை போட்டுக்கொண்டார்கள். 1990இல் பிரெஞ்சு எழுத்துச் சீர்திருத்தம் வெளியானபோது 'ஐ', 'யு' எழுத்துகளின்மேல் வரும் கூரைகள் பலவற்றை விட்டுவிடலாம் என்றார்கள். ஆனால் பாசே சேம்ப்ல் விகுதிகளின் கூரையை மட்டும் தொடவில்லை. எனவே தேர்வில் கூரையை விட்டுவிட்டுச் சீர்திருத்தத்தின்மேல் பழிபோட இயலாது.

படர்க்கையில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 'ஈல் பார்லா' என்றால் அவன் பேசினான்; 'எல் பார்லா' என்றால் அவள் பேசினாள். வினை மாறவில்லை. நமக்கோ ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால் எல்லாம் வினை விகுதியிலேயே தெரிந்துவிடும். ஆகவே பிரெஞ்சிலிருந்து தமிழாக்கும்போது எழுவாயைத் திரும்பிப் பார்க்காமல் வினையைத் தமிழாக்க முடியாது. இரண்டு வரிக்கு முன்னால் நிற்கும் எழுவாயை மறந்து, அரசியை அரசனாக்கியவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு.

இவ்வகையில் எழுத்துச் சிக்கல் ஒன்று வரும். 'மான்ழே' (உண்), 'கொமான்சே' (தொடங்கு) போன்ற வினைகளில் பகுதியின் இறுதி ஒலி மென்மையானது. அடுத்து 'ஏ' எழுத்து வந்தால் அது வன்மையாகிவிடும். அதைத் தடுக்க முன்னதில் ஓர் 'ஈ' எழுத்தை இடையே சேர்ப்பர். பின்னதில் 'சி' எழுத்தின் அடியில் ஒரு வாலிடுவர். படர்க்கைப் பன்மையில் விகுதியே 'ஈ' எழுத்தில் தொடங்குவதால் அங்கே இரண்டும் தேவையில்லை. விதியை மனப்பாடம் செய்வதைவிட ஒலியை நினைவில் வைத்தால் எழுத்து தானே வரும்.

ஒரு நல்ல செய்தி: 'ஆலே' (போ) என்ற வினை நிகழ்காலத்தில் நம்மைப் படாதபாடு படுத்தும். அதுகூட இங்கே சாதுவாக 'ஆலா', 'ஆலேர்' என்று முதல் வகையின் விகுதிகளையே ஏற்கிறது.

மற்ற இரு வகைகள்

இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் ஒரே விகுதிகளைக் கொள்கின்றன. 'ஃபினீர்' (முடி) என்பதை எடுத்துக்கொண்டால், ஒருமை மூன்றிலும் ஒலி 'ஃபினி' தான். எழுத்தில் தன்மைக்கும் முன்னிலைக்கும் 'ஐ, எஸ்'. படர்க்கைக்கு 'ஐ, டி'. பன்மையில் 'ஃபினீம்', 'ஃபினீத்', 'ஃபினீர்' என வரும். முதலிரண்டிற்கும் 'ஐ' எழுத்தின்மேல் கூரை உண்டு. படர்க்கைப் பன்மைக்கு இல்லை.

மூன்றாம் வகைக்கு எல்லாப் பாடநூல்களும் 'வாந்த்ர்' (விற்பனை செய்) என்பதையே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. அதன் படர்க்கை ஒருமை 'ஈல் வாந்தி'. அவன் விற்றான் என்பது பொருள். தமிழ் மாணவர் நிறைந்த வகுப்பில் ஆசிரியர் இதைச் சொல்லும்போது எழும் சிரிப்பை விவரிக்கத் தேவையில்லை. ஆனால் அச்சிரிப்பினாலேயே இவ்விகுதியை நாங்கள் யாரும் மறந்ததில்லை. 'ஆத்தாந்த்ர்' (காத்திரு), 'பேர்த்ர்' (இழ), 'ரெப்போந்த்ர்' (விடையளி), 'தெசாந்த்ர்' (இறங்கு) ஆகியவையும் இப்படியே நடக்கும். 'ப்ரான்த்ர்' (எடு) மட்டும் உருவத்தில் இவற்றைப் போலிருந்து ஏமாற்றும். அது 'ப்ரி' என்றாகும், ஒழுங்கு வினை அன்று.

ஒழுங்கற்ற வினைகளில் 'யு' கொள்வன ஒரு குழு. 'வேன்' (வந்தான்) போல மூக்கொலி கொள்வன ஒரு சிறு குழு. ஆக, ஏ, ஐ, யு, மூக்கொலி என நான்கு வாய்பாடுகளுக்குள் இக்காலம் முழுவதும் அடங்கிவிடுகிறது. நன்னூலார் இறந்தகால இடைநிலைகளாகக் கூறுவனவும் த், ட், ற், இன் என நான்கே: செய்தான், உண்டான், சென்றான், ஓடினான். அங்கும் நான்கு, இங்கும் நான்கு. இது தற்செயலே. இதைக் கொண்டு பிரெஞ்சு தமிழிலிருந்து பிறந்தது என்று யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம். நினைவில் நிறுத்திக்கொள்ள உதவும் என்பதற்காகவே சொன்னேன்.

நளன் கதையில் ஒரு பயிற்சி

நம் ஊர்க் கதையைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. சனியின் பிடியில் அகப்பட்ட நளன் திருநள்ளாற்றுக் குளத்தில் நீராடியபின் விடுதலை பெற்றான் என்பது தலவரலாறு. சனிப்பெயர்ச்சிக்கு வரும் கூட்டத்தில் ஒருவரைக் கேட்டாலும் இக்கதையைச் சொல்வார். ஒழுங்கு வினைகளை மட்டும் கொண்டு அதைப் பிரெஞ்சில் எழுதிப் பார்த்தேன். அக்காலப் பிரெஞ்சு ஏடுகளில் நம் ஊரின் பெயர் 'திர்நுலார்'.

நளா பேர்தி சோன் ருவாயோம். ஈல் கித்தா சா ஃபாம் தான் லா ஃபொரே. ஈல் ஏரா லோந்தான். ஆங் ழூர், ஈல் அரிவா ஆ திர்நுலார். ஈல் தெசாந்தி தான் லேத்தான். சத்துய்ர்ன் லாபாந்தொனா. லா ஃபினி சா பேன்.

நளன் தன் நாட்டை இழந்தான். மனைவியைக் காட்டில் விட்டு நீங்கினான். நெடுநாள் அலைந்தான். ஒருநாள் திருநள்ளாறு வந்து சேர்ந்தான். குளத்தில் இறங்கினான். சனி அவனைக் கைவிட்டான். அங்கே அவன் துன்பம் முடிந்தது.

ஒவ்வொரு வினையும் கதையை ஒரு படி முன்னே நகர்த்துவதைக் காண்க. இழந்தான், நீங்கினான், அலைந்தான், சேர்ந்தான்: ஒன்று முடிந்தபின் ஒன்று. இதுவே பாசே சேம்ப்லின் தொழில். 'நெடுநாள் அலைந்தான்' என்பதுகூட எத்தனை ஆண்டுகள் நீண்டிருந்தாலும் முடிந்துபோன ஒரு செயலாகவே நிற்கிறது. அந்நாட்களில் காடு எப்படி இருந்தது, அவன் என்ன உடுத்தியிருந்தான், இரவுதோறும் எங்கே உறங்கினான் என்றெல்லாம் சொல்ல வேண்டுமானால் 'ஏம்பார்ஃபே' எனும் வேறோர் இறந்தகாலம் வேண்டும். அது முடிவைக் காட்டாது. தொடர்ச்சியையோ வழக்கத்தையோ காட்டும். தமிழில் 'அலைந்துகொண்டிருந்தான்' என்றோ 'அலைவான்' என்றோ சொல்வோம்.

கடைசி வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஃபினி' என்பது இறந்தகாலமா, நிகழ்காலமா? இரண்டாம் வகை வினைகளின் ஒருமையில் நிகழ்கால வடிவமும் பாசே சேம்ப்ல் வடிவமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அவ்வரியைத் தனியே எடுத்தால் 'முடிகிறது' என்றும் கொள்ளலாம், 'முடிந்தது' என்றும் கொள்ளலாம். எப்படித் தீர்ப்பது? எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் சொல்லும் வழி எளியது: "சந்தேகம் வந்தால் பக்கத்து வினையைக் கேள்." பக்கத்தில் 'லாபாந்தொனா' நிற்கிறது, அது ஐயத்துக்கு இடமில்லாத இறந்தகாலம். ஆகவே இதுவும் இறந்தகாலமே. இந்த வழியை நினைவில் வையுங்கள். சற்றுப் பின்னர் தேவைப்படும்.

வரலாற்று மாணவர்க்கு ஆண்டுகளோடும் பயிற்சி உண்டு. 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைத் தம் வசமாக்கிக்கொண்டனர்: 'ஒக்யுபேர்'. 1760இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர்: 'காப்த்யுரேர்'. 1956 மே 28ஆம் நாள் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: 'சின்யேர்'. 1962இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது: 'ராதிஃபியா'. நான்கும் முதல் வகை. வரலாறு படிக்கப் படர்க்கை ஒருமையும் படர்க்கைப் பன்மையும் தெரிந்தாலே பெரும்பகுதி கடந்துவிடலாம்.

பத்திரத்தில் ஏன் இல்லை?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். பழைய ஏட்டுக்குரிய வினை என்றால் பழைய பதிவேடுகளிலும் இதுதானே இருக்க வேண்டும்? ஆனால் பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்தார் என்பதற்கு 'எ நே' என்ற கூட்டு இறந்தகாலமே இருக்கும். அதே மனிதரின் வாழ்க்கை வரலாற்றை ஒருவர் எழுதினால் 'நாக்கி' என்று பாசே சேம்ப்லில் தொடங்குவார். (இது ஒழுங்கற்ற வினை.) பிறப்பு ஒன்றுதான், வினைகள் இரண்டு.

எமில் பென்வெனிஸ்த் என்னும் மொழியியல் அறிஞர் 1959இல் எழுதிய ஆய்வு ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. பிரெஞ்சு மொழியில் இறந்தகாலத்தைச் சொல்ல இரு நிலைகள் உள்ளன என்பது அவர் கருத்து. ஒன்றில் நிகழ்ச்சிகள் தாமே வரிசையாக நடந்து செல்கின்றன. சொல்பவர் முகம் தெரிவதில்லை. அது வரலாற்று நிலை. அதன் வினை பாசே சேம்ப்ல். மற்றொன்றில் ஒருவர் மற்றொருவரிடம் பேசுகிறார். நடந்து முடிந்தது இன்றைய நிலையோடு பிணைக்கப்படுகிறது. அதன் வினை பாசே கொம்போசே. பிறப்புச் சான்றிதழ் கதை சொல்லவில்லை. இவருக்கு இன்று இந்த உரிமை உண்டு என்று சான்று கூறுகிறது. பத்திரமும் அப்படியே. நிலம் அன்று விற்கப்பட்டதன் பயன் இன்றும் செல்லுபடியாகும். என் அறிவுக்கு எட்டியவரையில், வழக்கறிஞரின் தாளையும் வரலாற்றாசிரியரின் தாளையும் பிரித்தறிய இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

இந்த மரபை அறிந்தே மீறியவர்களும் உண்டு. அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட புதினத்தில் கதைத்தலைவன் பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்திலேயே தன் கதையைச் சொல்கிறான். ஏட்டு வினையை எதிர்பார்த்த வாசகர்க்கு அது புதுமையாக இருந்தது. வெ. ஸ்ரீராம் அதைப் பிரெஞ்சிலிருந்தே நேராக மொழிபெயர்த்து 'அந்நியன்' என்று தமிழுக்குத் தந்தார். ஆனால் பிரெஞ்சின் இரண்டு வினைகளுக்கும் எதிராகத் தமிழில் 'கேட்டேன்' என்ற ஒன்றுதானே இருக்கிறது? எவ்வளவு திறமையான மொழிபெயர்ப்பாளர்க்கும் இந்த வேறுபாட்டை வினையிலேயே காட்டுவது அரிது.

நோட்டுப் புத்தகத்தின் நான்கு வினைகள்

இனி நான் செய்த தவற்றுக்கு வருகிறேன்.

அப்பாயிக்கு இப்போது 87 வயது. அவர் கைக்குழந்தையாய் இருந்தபோது தகப்பனார் சைகோன் போனார். நான்கு வயதில் தாயார் இறந்துபோனார். தகப்பனார் வரவில்லை. எட்டு வயதில்தான் அவரை முதன்முதலாக, நினைவு தெரிந்து பார்த்தார். போர்க்காலம் அது. 1940இல் பிரெஞ்சிந்தியா தெகோல் பக்கம் சேர்ந்தது; இந்தோசீனாவோ விஷி அரசின் பக்கம் நின்றது. பிறகு சப்பானியர் வந்தனர். இவையெல்லாம் வரலாற்று மாணவனாகிய எனக்குத் தெரியும். அப்பாயிக்குத் தெரிந்ததெல்லாம் உறவினர் சொன்னதுதான்: ஒரு தடவை லீவு கேட்டாராம், கொடுக்கவில்லையாம், அதோடு விட்டுவிட்டாராம்.

நோட்டில் அந்தப் பக்கத்தில் நான்கே சிறு வாக்கியங்கள். முதலாவது 'ழெ தெமாந்தே ஆங் கோன்ழே'. வினை 'தெமாந்தே' (கேள்), முதல் வகை. சொல்லின் கடைசி, தாளின் மடிப்பில் மாட்டி மை கரைந்திருந்தது. 'ஏ, ஐ' வரை தெரிந்தது. புதிதாகப் பாசே சேம்ப்ல் படித்த உற்சாகத்தில், தன்மை ஒருமை, நடந்து முடிந்த ஒரு செயல் என்று முடிவு கட்டி, "ஒரு தடவ லீவு கேட்டேன்னு எழுதியிருக்காரு அப்பாயி" என்றேன்.

"அதான் தெரியுமே அய்யா. ஊர்ல எல்லாரும் சொன்னதுதானே" என்றார். மேற்கொண்டு படிக்கச் சொல்லவில்லை. நானும் மூடி வைத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஆசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மடிப்புக்குள்ளே 'எஸ்' இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

இங்கேதான் இலக்கணம் வேலை செய்கிறது. முதல் வகை வினையின் தன்மை ஒருமையில் 'ஏ, ஐ' என முடிந்தால் பாசே சேம்ப்ல்; அதோடு ஓர் 'எஸ்' சேர்ந்தால் ஏம்பார்ஃபே. முன்னது 'கேட்டேன்', பின்னது 'கேட்டுக்கொண்டே இருந்தேன்'. பழைய உச்சரிப்பில் இரண்டிற்கும் நுண்ணிய ஒலி வேறுபாடு உண்டு. இன்று பலர் வாயில் அதுவும் கேட்பதில்லை. ஓர் எழுத்துதான் இரண்டு காலங்களையும் பிரிக்கிறது. அந்த எழுத்து மடிப்பில் கரைந்துவிட்டால்?

பக்கத்து வினையைக் கேட்க வேண்டும். இரண்டாம் வாக்கியம் 'ஓன் ரெஃப்யுசே'. மறுத்தார்கள் என்பது கருத்து. 'ஓன்' என்ற எழுவாய் படர்க்கை ஒருமை வினை கொள்ளும். படர்க்கையில் இக்குழப்பத்துக்கு இடமே இல்லை. ஒருமுறை மறுத்தார்கள் என்றால் 'ரெஃப்யுசா' என்று எழுதியிருக்க வேண்டும். நோட்டில் 'ஏ, ஐ, டி' என்று மூன்றெழுத்தும் பளிச்சென்று இருக்கின்றன, அது ஏம்பார்ஃபே. மறுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு தடவை மட்டும் கேட்ட விடுப்பைப் பலமுறை மறுக்க முடியாது. ஆகவே மடிப்புக்குள் 'எஸ்' இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாம் வாக்கியம் 'ஆன்ஃபேன், ஓன் ஆக்செப்தா'. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். நான்காவது 'ழெ ரான்த்ரே'. திரும்பி வந்தேன். கேட்டதும் மறுத்ததும் ஏம்பார்ஃபேயில். ஒத்துக்கொண்டதும் திரும்பியதும் பாசே சேம்ப்லில். ஏழாண்டு வாழ்க்கையை நான்கு விகுதிகளில் வைத்திருக்கிறார் அந்த எழுத்தர். அவருடைய பிரெஞ்சில் பிழை இல்லை. என் படிப்பில்தான் பிழை.

அன்று மாலையே அப்பாயியிடம் போய், நான் முன்பு சொன்னது தப்பு, அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், அவர்கள்தான் கொடுக்காமலே இருந்திருக்கிறார்கள் என்றேன். அப்பாயி முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்புடின்னா எங்கப்பா எத்தன தடவ கேட்டாராம்?"

அந்த வினை எண்ணிக்கை சொல்லாது என்றேன். பலமுறை என்றுதான் சொல்லும்.

"அடுத்தது என்னா எழுதியிருக்காரு?"

மீதி இரண்டு வாக்கியங்களையும் படித்துப் பொருள் சொன்னேன். அதற்குப் பிறகும் நோட்டில் முப்பது பக்கத்துக்குமேல் இருக்கிறது. பருவத்தேர்வு முடிந்ததும் தினம் ஒரு பக்கம் படித்துச் சொல்வதாக அப்பாயியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.